அரசின் கணக்கேடும் தோட்டத்துக் குழந்தையும்

ஓர் அரசு தன் மக்களுள் எவரை மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், அதன் அரசியல் யாப்பைப் படிப்பதிலும் அதன் கணக்கேட்டைப் படிப்பது மேல். யாப்பு வாக்குறுதி தருவது. அவ்வாக்குறுதி யாரைச் சென்றடைந்தது என்பதைக் கணக்கேடே காட்டும். 1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு, சிறுவர், இளைஞர் ஆகியோரின் நலன்களை அரசு தனிக் கவனத்துடன் மேம்படுத்தும் என்று தன் 27ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. கூறிவிட்டு, அக்கொள்கைகளை முன்வைத்து எவரும் நீதிமன்றத்தை நாடவியலாது என்று 29ஆம் உறுப்புரையிற் கதவையும் சாத்திவிடுகின்றது. 1991இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. இவ்வாக்குறுதிகள் யட்டியாந்தோட்டைப் பகுதியில் இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்த குழந்தைக்கும் உரியனவா? உரியனவெனின், அக்குழந்தை வளர்கின்றதா, குன்றுகின்றதா என்பதை அரசு எந்த ஏட்டில் எழுதி வைத்திருக்கின்றது? அவ்வேட்டைப் படிப்பவர் யார்? படித்தபின் அவர் செய்தது என்ன?

எமது வாதம் இதுவே: சப்ரகமுவத் தோட்டங்களின் குழந்தைகள் அளக்கப்படாதவர்கள் அல்லர். அவர்கள் பல கைகளால் அளக்கப்படுகின்றார்கள். எனினும் அவ்வளவுகள் அனைத்தும் ஓரிடத்தில், ஊர் அறிய, தோட்டம் தோட்டமாக வைக்கப்படுவதில்லை. ஆகவே எவரும் எதற்கும் பொறுப்புச் சொல்ல வேண்டியதில்லை. இந்நிலை தற்செயலாக நேர்ந்ததென நாம் நம்பவில்லை. இது பலருக்கும் வசதியாயிருப்பதாலேயே நீடிக்கின்றது.

இந்நாட்டின் சிறுவர் நலத்தை உலகம் புகழ்கின்றது. அப்புகழ் பொய்யன்று. 1935இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2016ஆம் ஆண்டளவில் அத்தொகை பத்தளவிற்கு இறங்கிவிட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, இலவசக் கல்வி, இலவச மருத்துவம், வீடு தேடிச் செல்லும் குடும்பநல மாது ஆகியன சேர்ந்து ஈட்டிய வெற்றி அது. ஆனால் வெற்றியைச் சராசரியாற் சொல்லும்போது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதும் எளிதாகிவிடுகின்றது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்கு 17.3. தோட்டத்துறையை மட்டும் பிரித்து நோக்கின் அது 31.7. 2019ஆம் ஆண்டின் தரவுகளைக்கொண்டு கணிக்கப்பட்ட பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணின்படி, நாடு முழுவதிலும் நூற்றுக்கு 16 பேர் வறியோர். தோட்டத்துறையில் வறியோர் 51.3 பேர். இத்துணைப் பெரிய வேறுபாடு நாட்டின் சராசரியை ஏன் அசைக்கவில்லை? 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி தோட்டத்துறையினர் நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 4.4 மட்டுமே. நூறு பேரைக் கூட்டி வகுக்கும்போது நால்வரின் பசி மேலோர் செவிக்கு எட்டுவதில்லை.

‘தோட்டத்துறை என்று தனி நிரலொன்று அறிக்கைகளில் இருக்கின்றதே, அது போதாதா?’ எனச் சிலர் வினவுவர். யட்டியாந்தோட்டைக் குழந்தையைப் பொறுத்தவரை அது போதாது. காரணத்தைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். அரச அறிக்கைகள் நாட்டை இருவகையாக வகுத்துக் காட்டுகின்றன. ஒன்று மாவட்டம், மற்றையது நகரம், கிராமம், தோட்டம் என்னும் துறை. மாவட்ட நிரலில் எம் குழந்தை கேகாலைக்குள் அடங்குகின்றது. கேகாலை மாவட்டத்திலே தோட்டத்துறையினர் பத்திலொரு பங்கினரும் இலர். எனவே அக்குழந்தையின் குறை கிராமங்களின் நிறைவுக்குள் கரைந்துவிடுகின்றது. துறை நிரலில் அது தோட்டத்துக்குள் அடங்குகின்றது. ஆனால் தோட்டத்துறை நிரலின் பெரும்பங்கு நுவரெலியாவும் பதுளையுமாகும். நுவரெலியா மாவட்டத்திலோ சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத்துறையினர். ஆகவே அங்கும் எம் குழந்தை வேறொரு கூட்டத்தினுட் கரைந்துபோகின்றது. ஒரு நிரலிற் சிங்களக் கிராமத்தின் நிழலிலும், மறு நிரலில் உயர்மலைத் தேயிலையின் நிழலிலும் மறையும் இக்குழந்தைக்குத் தன் பெயரில் ஒரு நிரல் இல்லை.

மூன்றாவது மறைவும் உண்டு. இருபது ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடையதாய், பத்தும் அதற்கு மேலும் வதிவிடத் தொழிலாளரைக் கொண்டதாய் உள்ள நிலமே கணக்கேட்டிற் ‘தோட்டம்’ எனப்படும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின் சிதறிய தோட்டத் துண்டுகள் இப்பகுதியிற் பலவுண்டு. இருபது ஏக்கருக்குக் குறைந்த துண்டொன்றில் நிற்கும் பழைய லயத்தில் வாழும் குடும்பம், அதே கூரையின்கீழ் அதே வறுமையில் வாழ்ந்தாலும், ஏட்டிற் கிராமத்துக் குடும்பமாகிவிடுகின்றது. தோட்டத்தின் வறுமை குறைந்ததென அடுத்த அறிக்கை கூறும்போது, வறுமை குறைந்ததா, வறியோர் வேறு நிரலுக்கு மாற்றப்பட்டனரா என்று கேட்க எமக்கு உரிமையுண்டு.

யட்டியாந்தோட்டையின் நிலை நுவரெலியாவின் நிலையன்று என்பதையும் கணக்கர்கள் உணரல் வேண்டும். மலையகம் என்றவுடன் ஹற்றனையும் பதுளையையும் எண்ணும் பழக்கம் எம் தலைவர்களிடமும் எழுத்தாளர்களிடமும் உண்டு. அரசிடம் இருப்பதில் வியப்பென்ன? களனிப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும், மேலே தேயிலையும் உண்டு. கொழுந்து பறிக்கும் தாய் காலையிற் பெரட்டுக்குச் செல்லுமுன் பிள்ளையைப் பிள்ளைக் காம்பறாவில் விடலாம். பால் வெட்டும் தாயோ விடியுமுன் மரத்தடியில் நிற்றல் வேண்டும். அந்நேரத்திற் பிள்ளைக் காம்பறா திறந்திருக்குமா? மழை பெய்தால் மரம் நனையும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேற் பேர் இல்லை. நாட்டின் மிகுமழைப் பகுதிகளுள் ஒன்றான இப்பள்ளத்தாக்கில், தென்மேற்குப் பருவ மழைக்காலம் பெய்யும் நாளெல்லாம் அடுப்பின் வேகம் தணியும் காலமாகும். சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளாய்ச் சிதறிக் கிடக்கும் இத்தோட்டங்களில், தாயின் மொழி அறியாத மருத்துவ ஊழியரும் ஊழியரின் மொழி அறியாத தாயும் சந்திக்கும் சந்திப்புகள் பல. இவற்றை எல்லாம் ‘தோட்டத்துறை 31.7’ என்னும் ஓர் எண் எங்ஙனம் சொல்லும்?

இனி வரலாற்றை நோக்குவோம். 1934, 35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைப் போல வேறெதையும் தாக்கவில்லை எனலாம். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் அம்மாவட்டத்துக் கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணி புரிந்தனர். அவ்விளைஞர்களுள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஆயிரத்துக்கு 263 என்னும் எண் அன்று மறைக்கப்படவில்லை, அது அரசியலாயிற்று. வாக்குரிமை பெற்றிருந்த கிராமத்து மக்களின் சாவு வாக்குப் பெட்டியிலும் எதிரொலித்தது. கிராமப்புற மருத்துவ வசதிகள் அதன்பின் பெருகின.

நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுக. 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியிலே தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளை விஞ்சி உயர்ந்தது. அக்காலத்தில் நிதியமைச்சராயிருந்தவர் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினரான அதே என். எம். பெரேராவே. தனியொருவரை இகழ்தல் எம் நோக்கமன்று. முப்பதுகளிற் பசித்த கிராமத்தவரைத் தேடிச் சென்ற அரசியல், எழுபதுகளிற் பசித்த தோட்டத்தவரை ஏன் தேடிச் செல்லவில்லை என்பதே வினா. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த வாக்குரிமை நீக்கமும் தோட்டத்துத் தாய் தந்தையருட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்று வெளியேற்றியிருந்தன. எண்ணிக்கை இருந்தது, அவ்வெண்ணிக்கைக்கு அஞ்ச வேண்டிய எவரும் இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கியது. இன்று வாக்குண்டு. ஆனால் அவ்வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதற்குரிய எண்ணிக்கை எம்மிடம் இல்லை. ஒன்று கிடைத்தபோது மற்றொன்று கைநழுவியது.

கைநழுவியது என்று நாம் கூறுவது ஏன்? இன்று ஒரு தோட்டத்துக் குழந்தையைப் பற்றி யார் யார் எழுதுகின்றார்கள் என்பதைப் பாருங்கள். குடும்பநல மாது, குழந்தையின் நிறையைச் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டிற் குறித்து, சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தொகை அனுப்புகின்றார். அது கொழும்பிலுள்ள குடும்ப சுகாதாரப் பணியகம் வரை செல்கின்றது. பிள்ளைக் காம்பறாவிலே தோட்டத்தின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேறொரு பதிவேட்டை வைத்திருக்கின்றார். அது கம்பனிக்கும், தோட்ட நலன்புரிக்கென அமைந்த நிதியத்துக்கும் உரியது. பாடசாலையில் வரவு இடாப்பு ஒன்று. அது தெஹியோவிட்டக் கல்வி வலயத்துக்குச் செல்கின்றது. பாடசாலை மருத்துவச் சோதனையின் குறிப்பு மற்றொன்று. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவித் திட்டத்தின் பட்டியல் பிரதேச செயலகத்தில் உள்ளது. சுகாதாரப் பிரிவின் எல்லை வேறு, கல்வி வலயத்தின் எல்லை வேறு, கம்பனியின் எல்லை வேறு. ஒரே பிள்ளை ஐந்து ஏடுகளிற் கிடக்கின்றது. ஐந்தையும் சேர்த்துப் படிப்பவர் ஒருவருமிலர். நிறை குறைந்த பிள்ளையின் தாய் எத்தனை நாட் பேர் பெற்றாள், அவள் லயத்தில் மலசலகூடம் உண்டா, அவளது மூத்த பிள்ளை பாடசாலையை விட்டு விலகியதா என்பவற்றைத் தொடர்புபடுத்தி நோக்க ஒரு மேசைதானும் இல்லை.

இதைத் தோட்டம் தன் விளைபொருளைக் கணக்கிடும் முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். கொழுந்து ஒரு நாளைக்கு இருமுறை, மும்முறை நிறுக்கப்படுகின்றது. இறப்பர்ப் பாலின் செறிவு கருவிகொண்டு சோதிக்கப்படுகின்றது. செக்றோலில் முழுப்பேரும் அரைப்பேரும் தவறாது ஏறுகின்றன. எந்த மலையில் விளைச்சல் குறைந்தது என்பதைத் தோட்டத்துரை அன்று மாலையே அறிவார், காரணமும் கேட்பார். கொழுந்துக்கு இவ்வளவு நுட்பமாகக் கணக்கு வைக்க வல்ல ஓரமைப்பு, பிள்ளைக்குக் கணக்கு வைக்க வல்லமை இல்லையென்று கூறுமாயின், அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

எதிர்வாதங்கள் சில உண்டு. அவற்றையும் ஆராய்வோம்.

‘நிறுத்துப் பார்த்தாற் பிள்ளை கொழுக்குமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?’ என்பது முதலாவது. நிறுப்பதோடு நின்றுவிட்டால் உதவாதுதான். ஆனால் 1980இல் தமிழ்நாட்டிலே தொடங்கிய ஒருங்கிணைந்த போசாக்குத் திட்டத்தை நோக்குக. ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகளை அங்கு மாதந்தோறும் நிறுத்தனர். எக்குழந்தையின் வளர்ச்சி தடைப்பட்டதோ அக்குழந்தைக்குத் தொண்ணூறு நாட்கள் மேலதிக உணவளித்தனர், தாய்க்கு ஆலோசனை கூறினர், மீண்டும் நிறுத்தனர். அங்கே தராசு தண்டோரா போல் வேலை செய்தது. அது சொன்னவுடன் ஒருவர் எழுந்து செயற்பட வேண்டியிருந்தது. எம் நாட்டிலும் 1973 முதல் திரிபோஷா வழங்கப்பட்டு வந்துள்ளது. ஆனால் எந்தத் தோட்டத்தில் அது சேர வேண்டியவருக்குச் சேர்ந்தது, எங்கே பலனளித்தது என்று தோட்டம் தோட்டமாக ஊர் மக்களுக்கு அறிவிப்பவர் யார்?

‘தாய்மாரின் அறியாமையும் தகப்பன்மாரின் குடியுமே காரணம்’ என்பது இரண்டாவது. தோட்ட மக்களைப் பற்றிப் பேசும் கற்றோரிடையே இது மிகவும் செல்வாக்குடையது. 2016 ஆய்வு இதற்கு விடை தருகின்றது. உயரத்துக்கேற்ற நிறையின்மையில், அதாவது அண்மைக்காலப் பட்டினியைக் காட்டும் மெலிவில், தோட்டத்துறை நாட்டின் சராசரியை விஞ்சவில்லை. விஞ்சியிருப்பது உயரக் குறைவிலேயே. உயரக் குறைவு ஒரு நாளிலோ ஒரு மாதத்திலோ வருவதன்று. கருவுற்ற தாயின் தட்டிலே தொடங்கி, சுத்தமற்ற நீரினால் மீண்டும் மீண்டும் வரும் வயிற்றோட்டத்தினூடாக, ஆண்டுக்கணக்கிற் படிவது அது. குடிக்கும் தகப்பன் நகரத்திலும் உளன், கிராமத்திலும் உளன். லயத்துக்கே சிறப்பாக உரியன நெருக்கமும், நீரின்மையும், தாயின் இளைப்பும் ஆகும். தாயைக் குறைகூறுவது இலகு. நீர்க்குழாய் போடுவது செலவு. இவ்வாதத்தின் கவர்ச்சி அவ்வளவே.

‘சிறு பிரதேசங்களின் எண்கள் நம்பத் தகுந்தவையல்ல, ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும்’ என்பது மூன்றாவது. இது புள்ளிவிபரம் அறிந்தோர் கூறுவது, மதிக்கத்தக்கது. மாதிரி ஆய்வொன்றிற் சில வீடுகளை மட்டும் தெரிந்தெடுத்து அளக்கும்போது, ஒரு பிரதேசத்துக்குரிய எண் உறுதியற்றதாகவே இருக்கும். ஆனால் நாம் கேட்பது மாதிரியன்று. ஏற்கெனவே பதிவேட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளின் அளவுகளையுமே கேட்கின்றோம். மூன்றாண்டு எண்களைச் சேர்த்து வெளியிட்டால் தற்செயல் ஏற்ற இறக்கமும் தணியும்.

‘இது சமூகத்துக்கு இழிவு தரும், பிள்ளைகளைக் காட்டிக் கொடுக்கும்’ என்பது நான்காவது. பிள்ளையின் பெயரை எவரும் வெளியிட வேண்டியதில்லை, வெளியிடவும் கூடாது. வெளிவர வேண்டியது தோட்டத்தின் பெயரும், பொறுப்பான பதவியின் பெயருமே. வெட்கம் அங்கேதான் சேரல் வேண்டும்.

உலகில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. செல்வச் செழிப்பு மிக்க ஐக்கிய அமெரிக்காவிலே, அனி ஈ. கேசி என்னும் அறநிதியம் 1990 முதல் ‘கிட்ஸ் கவுண்ட்’ என்ற பெயரிற் சிறுவர் நல ஏடொன்றை வெளியிட்டு வருகின்றது. பொருளாதாரம், கல்வி, சுகாதாரம், குடும்பமும் சமூகமும் என வகுத்து, ஐம்பது மாநிலங்களையும் அது வரிசைப்படுத்துகின்றது. கடைசியில் நிற்கும் மாநிலத்தின் ஆட்சியாளர் அதன்பின் பதில் கூறாதிருத்தல் கடினம். முதலாளித்துவ நாடொன்றின் தனியார் நிதியம் செய்யும் பணியை, நலன்புரி அரசென்று தன்னைக் கூறிக்கொள்ளும் நாடு தன் பிரதேச செயலகங்களிற் செய்ய முடியாதா?

நாம் கோருவது பெரிதன்று. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, புளத்கொஹுபிட்டிய முதலிய ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் ஆண்டுக்கோர் அறிக்கை வேண்டும். அதிலே தோட்டம் தோட்டமாக, கிராமம் கிராமமாக, ஏழு செய்திகள் இடம்பெறல் வேண்டும்: பிறப்பு நிறை 2500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகள் எத்தனை, ஐந்து வயதுக்குட்பட்டோரின் நிறையும் உயரமும் எவ்வாறு, கருவுற்ற தாய்மாருள் இரத்தச்சோகை உடையோர் எத்தனை, தூய நீரும் தனி மலசலகூடமும் உள்ள குடும்பங்கள் எத்தனை, பிள்ளைக் காம்பறா எத்தனை நாள், எந்த நேரம் முதல் திறந்திருந்தது, முதலாம் வகுப்பிற் சேர்ந்தோருட் சாதாரண தரம் வரை நின்றோர் எத்தனை, உதவித் திட்டங்கள் எத்தனை குடும்பங்களை எட்டின. துண்டாடப்பட்ட காணிகளின் லயங்களும் தோட்டமாகவே எண்ணப்படல் வேண்டும். அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகிப் பெரட்டுக் களத்திலும் பாடசாலையிலும் ஒட்டப்படல் வேண்டும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலே ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய அதிகாரி எழுந்து பதில் கூறல் வேண்டும். சிங்களக் கிராமத்து ஏழைப் பிள்ளைக்கும் இவ்வறிக்கை அரணாகும் என்பதை மறத்தலாகாது. சராசரி அப்பிள்ளையையும் மறைக்கின்றது.

2006/07 ஆய்விலே தோட்டத்துறையின் உயரக் குறைவு 40.2 ஆக இருந்தது. பத்தாண்டிலே அது 31.7 ஆயிற்று. எங்கோ சில தோட்டங்களில் ஏதோ சரியாக நடந்திருக்கின்றது. எத்தோட்டத்தில், எதனால் என்பது அறியப்பட்டிருப்பின், ஏனைய தோட்டங்கள் அதைப் பின்பற்றியிருக்கும். தோல்விகளோடு சேர்த்து வெற்றிகளையும் சராசரி புதைத்துவிட்டது. இவ்விழப்பை எந்த வரவு செலவுத் திட்டமும் கணக்கிற் கொள்வதில்லை.

இறுதியாக, பல்கலைக்கழகத் தமிழ் மாணவராகிய எம்மை நோக்கி ஒரு சொல். மலையகத்தின் துயரத்தைப் பாடுவதற்கு எம்மிடையே ஆட்கள் பலருளர், அப்பாடல்களும் வேண்டியனவே. ஆனால் கண்ணீருக்கு அஞ்சாத அதிகாரி, எண்ணுக்கு அஞ்சுவான். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகனும் பொது அதிகார சபையிடம் தகவல் கோரலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அதன்மீது தீர்மானம் அறிவிக்கப்படல் வேண்டும். சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே பயிலும் மாணவர் ஒவ்வொருவரும், தத்தம் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கல்வி வலயத்துக்கும் மேற்கூறிய ஏழு செய்திகளையும் கேட்டு ஒரு கடிதம் எழுதுக. வரும் பதில்களை எம் சங்கம் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் அட்டவணையாக வெளியிடுக. பதில் வராத இடங்களை வெற்றுக் கட்டங்களாகவே அச்சிடுக. அவ்வெற்றுக் கட்டத்துக்கு மேலே அப்பணிமனையின் பெயர் இருக்கட்டும்.